சம்மாந்துறை நெல் மில்லுக்கு டெஸ்க்டொப் மென்பொருள்: எந்த மொழியில் எழுதுவது?

நெல்மூடை (சம்மாந்துறை)

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். சொந்தக்காரர் ஒருவரின் நெல் மில்லுக்கு ஒரு மென்பொருள் எழுதித் தரும்படி கேட்டிருக்கிறார்கள். நான் உயர் டிப்ளோமா இரண்டாம் வருடம். ஜாவா தெரியும், பைதன் கொஞ்சம் தெரியும். மொழியை இன்னும் முடிவு செய்யவில்லை. தேவையென்றால் புதிதாக ஒன்றைப் படிக்கவும் தயார்.

வேலை இதுதான். விவசாயி நெல் கொண்டுவருவார். டிஜிட்டல் தராசிலிருந்து நிறை நேரே கொம்பியூட்டருக்குள் வர வேண்டும். ஈரப்பதத்துக்குக் கழிவு, சாக்குக்குக் கழிவு, முன்பணம் வாங்கியிருந்தால் அதுவும் கழித்து, மிச்சக் காசுக்குத் தமிழில் ஒரு பில் அடிக்க வேண்டும். பிரிண்டர் 80 மில்லிமீற்றர் தேர்மல்.

தராசு அறையில் இருப்பது விண்டோஸ் 7, 2 ஜிபி ரம். ஒஃபிஸில் விண்டோஸ் 10. இரண்டுக்கும் இடையில் வயர் இழுத்திருக்கிறது. தராசு அறைக்கு இன்டர்நெட் இல்லை. இப்போது ஓடுவது யாரோ விபி 6இல் (விஷுவல் பேசிக்) எழுதிய பழைய புரோக்கிராம். தரவு மைக்ரோசொஃப்ட் அக்சஸ் தரவுத்தளக் கோப்பில் இருக்கிறது, விவசாயிகளின் பெயர் எல்லாம் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில். எழுதியவர் வெளிநாடு போய்விட்டார், கோட் யாரிடமும் இல்லை.

கூட்டாளிமார் வெப்பாகச் செய் என்கிறார்கள். முதலாளி நெட்டில் எதுவும் வேண்டாம் என்கிறார். பெரும்போக அறுவடைக்கு முன்னம் ஓட வேண்டும். என்ன எடுக்கலாம்?

வாவிக்கரையான் (கல்லடி)

தம்பி, தராசு அறை மிசினை மாற்றப் போவதில்லை என்றால் பாதித் தெரிவு தானாகவே கழன்றுவிடும். 

சி ஷார்ப் எடுங்கள், ஆனால் அது ஓடுகிற டொட்நெட் தளத்தில் புதியது வேண்டாம். டொட்நெட் 8 விண்டோஸ் 7க்கு ஆதரவு தருவதில்லை. 2019இல் வந்த டொட்நெட் ஃபிரேம்வேர்க் 4.8ஐப் பிடியுங்கள். சர்விஸ் பெக் 1 போட்ட விண்டோஸ் 7இல் நிறுவலாம். விண்டோஸ் 10இன் பிந்திய பதிப்புகளில் அது ஏற்கெனவே உள்ளே இருக்கிறது. அதன்மேல், திரையில் கட்டமும் பட்டனும் வைக்கிற விண்ஃபோர்ம்ஸ் தொகுதி. 2002இலிருந்து இருக்கிற சாமான், பார்க்கவும் பழசாகத்தான் தெரியும். மில்லில் யாரும் அழகு பார்க்க வரப்போவதில்லை. உங்கள் புரோக்கிராம் ஒன்றிரண்டு எம்பிதான் வரும், பென்டிரைவில் கொண்டுபோய்ப் போட்டுவிடலாம்.

தராசிலிருந்து வருவதை வாசிக்க சீரியல் போர்ட் என்ற வகுப்பு டொட்நெட்டின் கூடவே வருகிறது. அநேகமான தராசுகள் நிறையைச் சாதாரண எழுத்தாக, வரி வரியாக அனுப்பிக்கொண்டே இருக்கும். வரியை வாசித்து எண்ணைப் பிரித்தெடுத்தால் சரி. ஒரு கவனம்: அந்தத் தரவு வேறு திரெட்டில், அதாவது திரைக்குப் பக்கத்தில் தனியாக ஓடுகிற வேலையில் வரும். அங்கிருந்தபடி நேரே டெக்ஸ்ட்பொக்ஸைத் தொட்டால் பிழை விழும், இன்வோக் போட்டுத்தான் போக வேண்டும். இன்னொன்று, தராசு ஆடிக்கொண்டிருக்கும்போது வருகிற எண்ணை எடுத்துவிடாதீர்கள். நிறை நிலைத்துவிட்டது என்று அறிவிக்கிற குறியையும் பல தராசுகள் சேர்த்தே அனுப்பும், கையேட்டில் பாருங்கள்.

காசை டெசிமல் வகையில் வையுங்கள். டபுள் என்ற தோராய எண் வகையில் வைத்தால் எங்கேயாவது ஒரு சதம் உதைக்கும். விவசாயி அந்தச் சதத்தைக் கேட்கமாட்டார், கணக்குப்பிள்ளை கேட்பார்.

இணையப்பறவை (காத்தான்குடி)

இன்னும் விண்ஃபோர்ம்ஸா? அந்தத் தம்பி படித்து முடித்து வேலை தேடப் போகிறவர். ஜாவாஸ்கிரிப்டும், வெப் பக்கத்தை டெஸ்க்டொப் புரோக்கிராமாக்குகிற எலெக்ட்ரொனும் எடுத்தால் கையோடு வேலைக்கும் உதவும். விஎஸ் கோட், டிஸ்கோர்ட் எல்லாம் எலெக்ட்ரொனில் ஓடுகிறவைதான். உள்ளே இருப்பது குரோமியம் பிரவுசர் என்பதால் தமிழ் எழுத்து அச்சொட்டாக வரும். பில்லை எச்டிஎம்எல்லாக எழுதி, டயலொக் காட்டாமல் பிரிண்டருக்கு அனுப்பலாம். தராசுக்கு நோட் சீரியல்போர்ட் தொகுதி இருக்கிறது.

நாளைக்கு முதலாளி மனம் மாறி, போனில் பார்க்க வேண்டும் என்றால் அதே கோட்டில் பாதியைத் தூக்கிப் போடலாம். விண்ஃபோர்ம்ஸில் எழுதினால் விண்டோஸோடு நின்றுவிடும்.

வாவிக்கரையான் (கல்லடி)

எலெக்ட்ரொன் 23இலிருந்து விண்டோஸ் 7க்கு ஆதரவே இல்லை. 22இல் நிற்க வேண்டும். அதுவும் 2 ஜிபி மிசினில், ஒரு முழு பிரவுசரைக் கூட்டிக்கொண்டு. நினைத்துப் பாருங்கள்.

இணையப்பறவை (காத்தான்குடி)

பழைய மிசினுக்காகப் பழைய மொழி படிக்கச் சொல்வதைத்தான் நான் கேட்கிறேன். ஒரு பாவித்த மிசின் வாங்கிப் போடச் சொல்லுங்கள். மில் முதலாளிக்கு அது ஒரு காசா?

மருதமுனை நெசவு

நான் புரோக்கிராம் எழுதுகிற ஆள் இல்லை, பில் போடுகிற ஆள். சாறம், சாறி மொத்தமாகக் கொடுக்கிற கடை. இங்கே வாசித்துக்கொண்டு போவேன், எழுதுவது குறைவு.

எங்களுக்கும் அந்த எலெக்ட்ரொன் வகையில்தான் ஒருவர் செய்து தந்தார், யாரென்று சொல்ல விருப்பமில்லை. பார்க்க மிக அழகு. ஆனால் காலையில் மிசினைப் போட்டால் அது எழும்பி வருவதற்குள் முதல் வாடிக்கையாளருக்குக் கையால் பில் எழுதிக் கொடுத்துவிடுவேன். பெருநாள் காலத்தில் கடை நிரம்பி நிற்கும்போது விலைக் கட்டத்தில் தட்டிய எண் கொஞ்சம் பிந்தித்தான் திரையில் விழும். கூடவே எக்செல் திறந்தால் இன்னும் மோசம். மிசினை மாற்றச் சொன்னார், மாற்றினேன், இப்போது பரவாயில்லை. ஆனால் அந்தச் செலவு முதலில் சொன்ன விலையில் இல்லை.

தம்பிக்கு ஒன்று சொல்வேன். மௌஸ் இல்லாமல் என்டர் கீயாலேயே ஒரு பில்லை முடிக்க முடிகிறதா என்று பாருங்கள். கடையில் நிற்கிற பிள்ளைகளுக்கு அதுதான் வேகம்.

பாஸ்கல் காக்கா (அக்கரைப்பற்று)

வாவிக்கரையான் சொன்னதில் பெரும்பாலும் எனக்கு உடன்பாடு, ஒரு சாமானைத் தவிர. இந்த வேலைக்கு, பாஸ்கல் மொழியில் எழுதுகிற லசாரஸ் என்று ஒன்று இருப்பதை யாரும் சொல்லவில்லையே!

ஓ/எல் ஐசிடி புத்தகத்தில் பாஸ்கல் பார்த்தவர்கள் நிறையப் பேர் இருப்பீர்கள். சோதனை முடிந்ததும் அது செத்த மொழி என்று மூடிவைத்தவர்கள்தான் அநேகம். அதே பாஸ்கலில் எழுதுகிற டெல்ஃபி 1995இல் வந்தது. அதன் தலைமை வடிவமைப்பாளர் அண்டர்ஸ் ஹெயில்ஸ்பெர்க். அவர்தான் பிறகு மைக்ரோசொஃப்ட் போய் சி ஷார்ப்பை வடிவமைத்தார், பின்னாளில் டைப்ஸ்கிரிப்டையும். ஆகவே இணையப்பறவை தம்பி பாவிக்கிறதும் வாவிக்கரையான் பாவிக்கிறதும் ஒரே கை வைத்த சமையல்தான்.

டெல்ஃபி இப்போது காசு. இலவச கொம்யூனிட்டி பதிப்பு இருக்கிறது, ஆனால் வருட வருமானம் 5,000 அமெரிக்க டொலரைத் தாண்டினால் பாவிக்க முடியாது. லசாரஸுக்கு அந்தத் தொல்லை இல்லை, முழுக்கத் திறந்த மூலம். விபி 6 தெரிந்த ஒருவரை அதன் முன்னால் உட்கார வைத்தால் ஃபோர்மையும் பட்டனையும் கண்டதும் கை தானாகப் போகும்.

எனக்குப் பிடித்த விசயம் வேறு. கடைசியில் கிடைப்பது ஒரே ஒரு எக்ஸ்இ கோப்பு. டொட்நெட் எந்தப் பதிப்பு என்று பார்க்கத் தேவையில்லை, ஜாவா போட்டிருக்கிறதா என்று கேட்கத் தேவையில்லை. டிபக் தகவலோடு கொம்பைல் செய்தால் 20 எம்பிக்கு மேல் போய்ப் பயமுறுத்தும், அதை நீக்கினால் சில எம்பிதான். விண்டோஸ் 7இல் ஓடும், 2 ஜிபியில் பறக்கும். காசுக்கு கரன்சி என்று தனி வகை இருக்கிறது. தசமத்துக்குப் பின் நான்கு இலக்கம் வரை பிசகாமல் நிற்கும், நெல் கணக்குக்கு அது போதும்.

தமிழ் பற்றியும் சொல்ல வேண்டும். டெல்ஃபி 7 காலத்தில் தமிழ் என்றால் கேள்விக்குறிதான் வரும். டெல்ஃபி 2009 பதிப்பில்தான் முழு யூனிகோட், அதாவது எல்லா மொழி எழுத்துக்குமான பொதுக் குறியீடு வந்தது. லசாரஸ் யூனிகோடின் யூடிஎஃப் 8 வடிவில் ஓடுகிறது. விண்டோஸின் சொந்தக் கட்டங்களையே பாவிப்பதால் எழுத்தைக் கோக்கிற வேலையை விண்டோஸே பார்த்துக்கொள்ளும்.

ஒலுவில் மாணவி

ஏ/எல்லில் பைதன் படித்துவிட்டு வருகிறோம், எல்லாவற்றுக்கும் பைதனைத்தான் கை தேடும். ஆகவே பைதனுக்காகப் பேச வந்தேன். ஆனால் நேர்மையாகப் பார்த்தால் இந்த மிசினுக்குக் கஷ்டம். விண்டோஸ் 7இல் ஓடுகிற கடைசிப் பைதன் 3.8, அதற்கான ஆதரவு 2024இல் முடிந்துவிட்டது. பைதனில் திரை அமைக்கிற பைஸைட் 6 விண்டோஸ் 7க்கு வராது. பழைய பைகியூட் 5ஐப் பிடிக்க வேண்டும், அதன் உரிமம் ஜிபிஎல். பைஇன்ஸ்டோலரால் ஒற்றைக் கோப்பாகக் கட்டினால், ஒவ்வொரு முறை திறக்கும்போதும் தற்காலிக ஃபோல்டரில் தன்னை விரித்துவிட்டுத்தான் ஓடும். அதைச் சில அன்டிவைரஸ்கள் வைரஸ் என்றே பிடிக்கும். மில்லில் இருக்கிற ஒருவருக்கு போனில் அதை விளங்கப்படுத்துவதை நினைத்துப் பாருங்கள்.

மொழி எதுவானாலும் தமிழில் கால் தடுக்குகிற இடங்கள் சில இருக்கின்றன. இதுவரை எல்லாரும் "தமிழ் வரும்" என்று ஒரு வரியில் தாண்டிப் போகிறீர்கள்.

முதலாவது பிரிண்டர். தேர்மல் பிரிண்டருக்கு நேரே எழுத்தாக அனுப்பினால் வேகமாக அடிக்கும். ஆனால் அதற்குள் இருக்கிற எழுத்து அட்டவணையில் தமிழ் இருக்காது, குப்பைதான் வரும். இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, விண்டோஸ் டிரைவர் வழியாக அனுப்புவது. மற்றது, பில்லை நாமே ஒரு கறுப்பு வெள்ளைப் படமாக வரைந்து, படமாகவே அனுப்புவது. 80 மில்லிமீற்றர் பிரிண்டரில் வழக்கமாக ஒரு வரிக்கு 576 புள்ளி, 58இல் 384. அந்த அகலத்துக்குப் படம் வரைந்தால் எழுத்து பிசிறாமல் வரும்.

இரண்டாவது, பில்லில் நிரல் ஒழுங்கு. ஆங்கிலப் பில்லில் இடைவெளி போட்டு நிரப்புவோமே, பெயருக்கு 20 எழுத்து, விலைக்கு 10 எழுத்து என்று, அது தமிழுக்குச் சரிவராது. "மொழி" என்ற சொல்லை நாம் இரண்டு எழுத்தாக எண்ணுவோம். பைதன் 4 என்று சொல்லும். சி ஷார்ப்பும் ஜாவாவும் ஜாவாஸ்கிரிப்டும் அதே 4தான், ஏனென்றால் உயிர்க்குறியைத் தனியாக எண்ணுகின்றன. அப்பிளின் ஸ்விஃப்ட் மட்டும் நம்மைப் போல 2 என்கிறது. லசாரஸில் சும்மா லெங்த் கேட்டால் பைட் கணக்கில் 12 வரும், காக்கா திட்டாதீர்கள். ஆகவே எழுத்தை எண்ணி ஒழுங்குபடுத்த நினைக்கவே கூடாது. பெயரை இடப்பக்கம் வரையுங்கள், தொகையை வலது ஓரத்தின் புள்ளியிலிருந்து அளந்து வரையுங்கள்.

மூன்றாவது தேடல். "கொ" என்பதை ஒற்றைக் கொம்பு, பிறகு கால் என்று இரண்டு குறியாகவும் சேமிக்கலாம், சேர்ந்த ஒரே குறியாகவும் சேமிக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றேதான், தேடினால் ஒன்று கிடைக்கும் மற்றது கிடைக்காது. சேமிக்க முன்னம் எல்லாவற்றையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவர வேண்டும். சி ஷார்ப், பைதன், ஜாவா, ஜாவாஸ்கிரிப்ட் நான்கிலும் அதற்கு நோர்மலைஸ் வசதி உண்டு. லசாரஸில் விண்டோஸின் சொந்தச் செயற்பாட்டைக் கூப்பிடலாம். "சௌந்தரம்" என்பதைச் சிலர் "செளந்தரம்" என்று ளகரம் போட்டு அடிப்பார்கள். அது வேறு எழுத்து என்பதால் நோர்மலைஸ் காப்பாற்றாது. நீங்களே பிடிக்க வேண்டும்.

பாஸ்கல் காக்கா (அக்கரைப்பற்று)

திட்டவில்லை தங்கச்சி. 12 சரிதான், அதற்குத் தனியே யூடிஎஃப் 8 லெங்த் என்று ஒரு செயற்பாடு உண்டு, அது 4 தரும். மற்றப்படி நீங்கள் எழுதியதை அப்படியே எடுத்து வைத்துக்கொண்டேன்.

பனிச்சையடி

ஜாவா தெரியும் என்றுதானே தம்பி எழுதியிருக்கிறார்? யாரும் அதைத் தொடவில்லை. திரைக்கு ஸ்விங், நெட்பீன்ஸில் இழுத்துப் போட்டுச் செய்யலாம், தமிழும் வரும், காசுக்கு பிக்டெசிமல் இருக்கிறது. இன்னொரு திரைத் தொகுதியான ஜாவாஎஃப்எக்ஸ் 11ஆம் பதிப்பிலிருந்து ஜேடிகே என்ற ஜாவாப் பொதியை விட்டுத் தனியாகப் போய்விட்டதால் அது கூடுதல் வேலை. தெரிந்த மொழியில் முடிப்பதுதான் அறுவடைக்கு முன்னம் முடிக்க ஒரே வழி. சீரியல் போர்ட்டுக்கு வெளியிலிருந்து நூலகம் எடுக்க வேண்டும், அது மட்டும்தான் குறை.

படுவான்கரை

என் பங்குக்கு. சி பிளஸ் பிளஸ் மொழி, திரைக்கு கியூட் தொகுதி. கியூட் 1995இலிருந்து இருக்கிறது, தமிழ் எழுத்தை நன்றாகக் கோக்கும். ஆனால் கியூட் 6 விண்டோஸ் 7ஐக் கைவிட்டது, கியூட் 5இல் நிற்க வேண்டும். ஒரு ஆள் தனியாக, படித்துக்கொண்டு, ஒரு போகத்துக்குள் முடிக்கிற வேலைக்கு சி பிளஸ் பிளஸ் எடுக்கச் சொல்ல எனக்கே மனம் வரவில்லை. தராசு அறை மிசினில் லினக்ஸ் போட்டால் பழசு என்ற பிரச்சினையே இல்லை என்பதையும் ஒருக்கால் யோசியுங்கள். அப்படிப் போட்டால் பைதனோடு வருகிற டிகின்டர் திரைத் தொகுதியை மட்டும் எடுக்காதீர்கள். லினக்ஸில் அதன் அடியில் இருக்கிற டிகே 8.6 தமிழ் எழுத்தைக் கோக்காது, கொம்பும் காலும் கழன்று நிற்கும்.

நெல்மூடை (சம்மாந்துறை)

இவ்வளவு பேர் எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை. முதலாளியிடம் மிசின் மாற்றுவதைக் கேட்டுப் பார்த்தேன். "ஓடுகிற மிசினை ஏன் மாற்றுவது?" என்றார். லினக்ஸ் என்ற சொல்லை நான் எடுக்கவே இல்லை.

பழைய புரோக்கிராமை எழுதியவர் ஏன் பாமினியில் எழுதினார்? விபி 6 யூனிகோட் தெரியாத மொழியா?

வாவிக்கரையான் (கல்லடி)

விபி 6 உள்ளே யூனிகோடில்தான் வைத்திருக்கும். 1998இல் வந்த சாமான். ஆனால் அதன் டெக்ஸ்ட்பொக்ஸ், லேபிள் எல்லாம் மொழிக்கொரு எழுத்து அட்டவணை வைக்கிற பழைய அன்சி முறையில் காட்டுகிறவை. சிங்களத்துக்கும் சரி, தமிழுக்கும் சரி, விண்டோஸில் அன்சி அட்டவணை ஒன்று இருந்ததே இல்லை, நேரே யூனிகோட்தான். ஆகவே விபி 6இல் தமிழ் அடித்தால் கேள்விக்குறி. ஆங்கில எழுத்தை வைத்துக்கொண்டு அதன்மேல் தமிழ் உருவம் போர்த்திய பாமினிதான் அன்றைக்கு இருந்த வழி. அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

இன்னொரு பொறி: அந்த அக்சஸ் கோப்பைத் திறக்க விண்டோஸோடு வருகிற பழைய ஜெட் டிரைவர் 32 பிட் மட்டும்தான். உங்கள் புரோக்கிராமை எக்ஸ் 86 (32 பிட்) என்று தெரிவு செய்து கொம்பைல் பண்ணாவிட்டால், 64 பிட் விண்டோஸில் டிரைவர் இல்லை என்று பிழை வரும்.

இணையப்பறவை (காத்தான்குடி)

சரி, விண்டோஸ் 7 என்றால் எலெக்ட்ரொனை நான் வாபஸ் வாங்குகிறேன். அதைப் போன்ற டாரியும் ஃப்ளட்டரும்கூட விண்டோஸ் 10 இருந்தால்தான் நிம்மதி. ஆனால் விண்டோஸ் 10க்கே 2025 ஒக்டோபரோடு மைக்ரோசொஃப்டின் பொது ஆதரவு முடிந்துவிட்டது. 7இன் ஆதரவு 2020இலேயே போய்விட்டது. இன்டர்நெட் இல்லாத மிசின் என்பதால் இன்றைக்குத் தப்புகிறோம். பென்டிரைவ் வழியாகவே ஏதாவது வரும், அன்றைக்கு முதலாளி மிசின் மாற்றுவார். தரவுத்தளத்தையாவது வெளியிலிருந்து இணைக்கக்கூடியதாக வையுங்கள்.

தரவு எதில் போகப் போகிறது? ஒரே கோப்பில் இருக்கிற எஸ்கியூலைட் தரவுத்தளத்திலா?

நெல்மூடை (சம்மாந்துறை)

எஸ்கியூலைட் கோப்பை ஒஃபிஸ் மிசினில் ஷெயார் ஃபோல்டரில் வைத்து இரண்டிலிருந்தும் திறக்கலாம் என்று நினைத்தேன்.

பாஸ்கல் காக்கா (அக்கரைப்பற்று)

வேண்டாம் மகன். எஸ்கியூலைட் நல்ல சாமான், ஒரே மிசினுக்குள் கரண்ட் போனாலும் பாதி எழுதியதைத் திருப்பிவிட்டு எழும்பும். ஆனால் நெட்வேர்க் ஃபோல்டரில் பூட்டு ஒழுங்காக வேலை செய்யும் என்று நம்ப முடியாது, அதை எழுதியவர்களே தங்கள் ஆவணத்தில் எச்சரிக்கிறார்கள். பழைய அக்சஸ் கோப்பு பழுதாகிற கதையும் அநேகமாக இதே வழிதான்: நடுவில் வயர் கழன்றது, அல்லது கரண்ட் போனது. 2022இல் பதின்மூன்று மணித்தியாலம் வரை கரண்ட் வெட்டிய காலத்தில் இந்தப் பக்கத்துக் கடைகளில் எத்தனை அக்சஸ் கோப்புகளைத் திருத்திக் கொடுத்தேன் என்று கணக்கில்லை.

ஃபயர்பேர்ட் என்ற தரவுத்தள சர்வரைப் போடுங்கள். பாரம் குறைவு, இலவசம், முழுத் தரவும் ஒரே கோப்பு. சர்வரை எந்த மிசினில் வைப்பது என்பதுதான் யோசிக்க வேண்டியது.

வாவிக்கரையான் (கல்லடி)

ஒஃபிஸ் மிசினில்தானே வைக்க வேண்டும்? அதுதான் பலமானது. எஸ்கியூஎல் சர்வர் எக்ஸ்பிரஸ் 2022இல் ஒரு தரவுத்தளத்துக்கு 10 ஜிபி வரை இடம், ஒரு மில்லுக்கு அது முடியவே முடியாது. போஸ்ட்கிரெஸும் போடலாம்.

பாஸ்கல் காக்கா (அக்கரைப்பற்று)

ஒஃபிஸைப் பூட்டிவிட்டு முதலாளி பள்ளிவாசலுக்குப் போன நேரத்தில் ட்ரக்டர் வந்து நின்றால்? பில் அடிக்கிற இடம் தராசு அறை. தரவும் அங்கேதான் இருக்க வேண்டும். ஒஃபிஸ் பார்ப்பதற்கு மட்டும். நான் ஃபயர்பேர்ட் என்று சொன்னதே 2 ஜிபியில் அது ஓடும் என்பதால்தான். ஒரு யூபிஎஸ், ஒவ்வொரு இரவும் ஒஃபிஸ் மிசினுக்கு ஒரு பிரதி.

வாவிக்கரையான் (கல்லடி)

பள்ளிக்குப் போகிற விசயம் எனக்கு ஓடவில்லை. சரி, தராசு அறையிலேயே வையுங்கள். சி ஷார்ப்பிலிருந்தும் ஃபயர்பேர்டை இணைக்கலாம், ஆகவே என் கட்சி மாறவில்லை.

மருதமுனை நெசவு

தரவுப் பிரதி எடுக்கிற பட்டனைத் தேடிப் பிடிக்கிற மாதிரி வைக்காதீர்கள். மாலையில் புரோக்கிராமை மூடும்போது தானே எடுக்கட்டும். எங்கள் கடையில் அந்தப் பட்டனை யாரும் அமத்துவதில்லை, நானும்தான்.

நெல்மூடை (சம்மாந்துறை)

ஒரு வாரம் எடுத்து இரண்டிலும் செய்து பார்த்தேன். விண்ஃபோர்ம்ஸில் ஒரு சின்னப் பில், லசாரஸில் அதே பில். தராசு அறை மிசினிலேயே ஓட்டினேன்.

இரண்டிலும் திரையில் தமிழ் சுத்தமாக வந்தது. விண்டோஸ் 7இல் நிர்மலா எழுத்துரு இல்லை, லதாதான் கிடைத்தது. லசாரஸ் புரோக்கிராம் கிளிக் செய்த கையோடு திறந்தது. விண்ஃபோர்ம்ஸ் முதல் தடவை கொஞ்சம் யோசித்தது, பிறகு அதுவும் வேகம்தான். டொட்நெட் 4.8 நிறுவுகிற வேலைதான் நீண்டது. இன்டர்நெட் இல்லாததால் ஓஃப்லைன் நிறுவியைக் கொண்டுபோனேன்.

பிரிண்டரில் மாணவி சொன்னபடி 576 புள்ளி அகலத்துக்குப் படமாக வரைந்து அனுப்பினேன். மெல்லிய எழுத்து தேர்மல் தாளில் அரைவாசி அழிந்த மாதிரி வந்தது. தடித்த எழுத்தாக்கி, அளவைக் கொஞ்சம் கூட்டியதும் முதலாளி கண்ணாடி போடாமலே வாசித்தார். தொகையை வலது ஓரத்தில் நிறுத்தியதும் பில் பில் மாதிரி இருந்தது.

கோட் எழுதும்போது எனக்கு சி ஷார்ப் ஜாவாவுக்குக் கிட்டவாக இருந்தது. லசாரஸில் பிகினும் என்டும் பார்த்துப் பழக நேரம் எடுக்கிறது. ஒரு பிழை வந்து தேடினால் சி ஷார்ப்புக்கு உடனே பதில் கிடைக்கிறது, லசாரஸுக்குக் கிடைக்கிற பதில் சிலது டெல்ஃபிக்கானது.

பாஸ்கல் காக்கா (அக்கரைப்பற்று)

அது உண்மை. அந்தப் பதில்களில் அநேகமானவை லசாரஸிலும் ஓடும், ஆனால் எது ஓடும் எது ஓடாது என்று பழகத்தான் தெரியும்.

பனிச்சையடி

நான் முதலே சொன்னேன், தெரிந்த மொழி என்று. சி ஷார்ப் ஜாவாவின் ஒன்றுவிட்ட தம்பிதானே, அதுவும் கணக்கில் சேரும்.

இணையப்பறவை (காத்தான்குடி)

நாளைக்கு இந்தப் பிள்ளையும் வெளிநாடு போனால் இதைத் திருத்த ஆள் யார்? இந்தப் பழைய புரோக்கிராமுக்கு நடந்தது அதுதானே. சி ஷார்ப் தெரிந்தவர் மட்டக்களப்பிலும் கல்முனையிலும் கிடைப்பார். லசாரஸ் தெரிந்தவர் என்றால் காக்கா ஒருவர்தான் ஞாபகம் வருகிறார்.

பாஸ்கல் காக்கா (அக்கரைப்பற்று)

எனக்கு வயது போகிறது என்கிறீர்கள், விளங்குகிறது. ஆனால் கோட் கையில் இல்லாவிட்டால் சி ஷார்ப் தெரிந்த நூறு பேர் இருந்தும் பிரயோசனமில்லை. அந்த விபி ஆள் கோட்டையும் ஒரு சிடியில் போட்டு முதலாளி கையில் கொடுத்திருந்தால், இந்த இழையே தொடங்கியிருக்காது. தம்பி, முழு புரொஜெக்ட் ஃபோல்டர், பாஸ்வேர்ட், பாவித்த நூலகங்களின் நிறுவிகள் எல்லாவற்றையும் ஒரு டிரைவில் போட்டு முதலாளியின் அலுமாரியில் வைத்துவிடுங்கள். நூலகத்தைப் பிறகு நெட்டிலிருந்து எடுக்கலாம் என்று விடாதீர்கள். பதிப்பு மாறிவிட்டால் கொம்பைல் ஆகாது.

நெல்மூடை (சம்மாந்துறை)

சரி காக்கா, அப்படியே செய்கிறேன். சி ஷார்ப், விண்ஃபோர்ம்ஸ், 4.8, தராசு அறையில் ஃபயர்பேர்ட். முடிவு.

பெயர்களைப் பாமினியிலிருந்து மாற்றுகிறதில் நிற்கிறேன். எழுத்துக்கு எழுத்து மாற்றும் அட்டவணை ஒன்று எழுதினேன். "க", "கா" எல்லாம் சரி. "கெ", "கொ" வருகிற பெயர்கள் எல்லாம் கொம்பு முந்தின எழுத்தில் போய் ஒட்டுகிறது.

ஒலுவில் மாணவி

பாமினி டைப்ரைட்டர் முறை, கண்ணுக்குத் தெரிகிற ஒழுங்கில் சேமிக்கும். முதலில் கொம்பு, பிறகு "க", பிறகு கால். யூனிகோடில் மெய் முதலில் வர வேண்டும், உயிர்க்குறி அதன் பின்னால். ஆகவே எழுத்துகளை மாற்றியபின் இன்னொரு சுற்று ஓட வேண்டும். ஒற்றைக் கொம்பு, இரட்டைக் கொம்பு, ஐகாரக் குறி, இந்த மூன்றில் ஒன்றைக் கண்டால் அதை அடுத்த மெய்க்குப் பின்னால் தள்ளுங்கள். அந்த மெய்க்குப் பின்னால் கால் நின்றால் கொம்பும் காலும் சேர்ந்து ஒகரமோ ஓகாரமோ ஆகும், அதை நோர்மலைஸே சேர்த்துத் தரும். அட்டவணையில் நீளமான கோவைகளை முதலில் மாற்றுங்கள், தனி எழுத்துகளைக் கடைசியில்.

ஒருமுறை மட்டும் ஓடுகிற வேலை இது, சி ஷார்ப்புக்குள் எழுதிச் சுமக்கத் தேவையில்லை. உங்கள் லெப்டொப்பில் பைதனில் எழுதி மாற்றிவிட்டுப் போங்கள். கோப்பைத் திறக்க 32 பிட் பைதன் எடுங்கள், வாவிக்கரையான் சொன்ன அதே காரணம்தான். மாற்றிய பட்டியலை அச்செடுத்து, விவசாயிகளின் முகம் தெரிந்த கணக்குப்பிள்ளையிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். பழைய பெயர் நிரலை அழிக்காமல் பக்கத்தில் வைத்திருங்கள்.

நெல்மூடை (சம்மாந்துறை)

கொம்பைத் தள்ளியதும் "கொ" சரியாகிவிட்டது. "சௌ" மட்டும் இன்னும் அங்கங்கே "செள" என்று வருகிறது.

ஒலுவில் மாணவி

அதைத் தானாக மாற்ற வேண்டாம். "தெளிவு", "வெள்ளை" எல்லாம் சேர்ந்து கெட்டுவிடும். "செள" என்று தொடங்குகிற பெயர்களை மட்டும் பிரித்தெடுத்துக் கையால் திருத்துங்கள், அதிகம் இருக்காது.